அச்சு வந்த பாதை – 14: தேரில் தப்பியது, தாளில் சிக்கியது

கொங்கு நாட்டில் தேரோட்டம் என்றால் ஊரே வடம் பிடிக்கும். அந்தியூரில் பங்குனியில் பத்ரகாளியம்மன் தேர் நகரும். பேரூரில் பங்குனி உத்திரத்துக்கும் அவிநாசியில் சித்திரையிலும் தேர் நிலை பெயரும். பேரனைத் தோளில் ஏற்றிய அப்பாருக்கும் அப்புச்சிக்கும், கைக்குழந்தையோடு வந்த மருமகளுக்கும், முட்டுக்கட்டை போடும் ஆசாரிக்கும் அந்த வீதியில் சம இடம்.

தமிழ்நாட்டுப் பழைய மரத்தேர்களின் அடிப்பீடத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தவர்கள் அங்கே ஓர் உலகத்தையே கண்டிருப்பார்கள். இலுப்பைப் பலகைகளில் வரிசை வரிசையாகச் செதுக்கல். வெண்ணெய் உண்ணும் கண்ணன், காலைத் தூக்கி ஆடும் சிவன், யாளி, குதிரை வீரன், கழைக்கூத்தாடி. இவர்களுக்கு நடுவே, பெரும்பாலும் கீழ்வரிசையில், ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் பலகைகள். தழுவி நிற்கும் இணைகளும் உண்டு. மறைவே இல்லாத புணர்ச்சிக் கோலங்களும் உண்டு. மிதுனச் சிற்பங்கள் என்பது கலை நூல்கள் வைத்த பெயர். ஏன் என்று கேட்டால், கண்ணேறு படாமல் இருக்க என்றும் இடி விழாமல் இருக்க என்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்தப் பலகைகளுக்கு இந்தியச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. 1835இல் மெட்காஃப் அச்சுக்கூடங்களின் மேலிருந்த தளையை நீக்கியதையும், அதன்பின் இந்தியர்கள் சொந்த அச்சுக்கூடம் வைக்கத் தொடங்கியதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அச்சு பெருகியது, மலிவுப் புத்தகமும் படமும் பெருகின. 1856இல் கல்கத்தாவில் கம்பெனி அரசு ஆபாசப் புத்தகங்களையும் படங்களையும் விற்பதற்கும் பார்வைக்கு வைப்பதற்கும் எதிராக ஒரு சட்டம் இயற்றியது. இங்கிலாந்து அதேபோன்ற சட்டத்தை இயற்றியது அடுத்த ஆண்டில், 1857இல்தான். கல்கத்தாச் சட்டம் ஒரு விலக்கையும் சேர்த்தே எழுதியது: கோயிலில் உள்ள சிற்பமும் ஓவியமும், சாமி சிலையை ஏற்றிச் செல்லும் தேரில் உள்ள உருவங்களும் குற்றமாகா. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 292ஆம் பிரிவு இதே விலக்கை எடுத்துக்கொண்டது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது.

ஒரே உருவம். மரத்தில் இருந்தால் வழக்கில்லை. தாளில் வந்தால் வழக்கு. இந்தப் பிளவு இந்தியாவில் தோன்றியதல்ல. அதன் முதல் பெரிய வழக்கு ரோமில், போப்பின் அரண்மனைக்கு அருகிலேயே நடந்தது. அங்கிருந்து அது பிரான்சுக்குப் போய் இருநூற்றைம்பது ஆண்டுக்காலப் படப் புத்தக வரலாறு ஆனது. நம் ஊர் வழக்குகளைப் புரிந்துகொள்ள அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோம், 1524

1516இல் ரஃபேலும் அவருடைய சீடர்களும் கர்தினால் பிபியேனாவின் குளியலறைக்கு ஓவியம் தீட்டினார்கள். இடம் வத்திக்கான் அரண்மனை; வரைந்தது வீனஸ், மன்மதன், அவர்களைச் சுற்றிய காதல் காட்சிகள். கர்தினாலே கேட்டு வரைவித்தது. அந்தச் சுவரைப் பார்க்கக்கூடியவர்கள் அவரும் அவருடைய விருந்தினரும் மட்டுமே.

ரஃபேல் 1520இல் மறைந்தார். அவருடைய பட்டறையை ஏற்று நடத்திய சீடர்களில் முதன்மையானவர் ஜூலியோ ரோமானோ. வத்திக்கானில் குரு விட்டுச்சென்ற வேலையை முடிக்கும் காலத்தில் அவர் பதினாறு படங்கள் வரைந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஒவ்வொரு கலவி நிலையில். கட்டில், மெத்தை, திரைச்சீலை. நடுவே பழைய ரோமானியச் சிலைகளைப் போல முறுக்கேறிய உடல்கள். இந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டவர் மார்க்காந்தோனியோ ரைமோந்தி.

மார்க்காந்தோனியோ சாதாரண வெட்டுக்காரர் அல்லர். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மரவெட்டுப் படங்களை, அவருடைய முத்திரை எழுத்து உட்பட, செம்பில் நகலெடுத்து வெனிஸில் விற்றவர். டியூரரே வந்து முறையிட்டார் என்று ஓவியர் வரலாறு எழுதிய வசாரி சொல்கிறார். பிறகு ரோமுக்கு வந்து ரஃபேலின் வரைபடங்களைச் செம்பில் வெட்டினார். ரஃபேலை நேரில் காண முடியாத ஐரோப்பியர்கள் அவரைக் கண்டது மார்க்காந்தோனியோவின் தாள்களில்தான்.

அந்தக் கைகள் பதினாறு கோலங்களை 1524இல் தாளில் ஏற்றியதும் போப் ஏழாம் கிளெமென்ட் அவரைச் சிறையில் அடைத்தார். வரைந்த ஜூலியோ ரோமானோவுக்கு எதுவும் நேரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் மாந்துவா அரசவைக்குப் போய், கோன்சாகா பிரபுவின் புகழ்பெற்ற ஓவியராகவும் கட்டடக் கலைஞராகவும் வாழ்ந்தார். அரசவை மாளிகையின் சுவர்களில் அங்கும் காதல் காட்சிகள் தீட்டினார். யாரும் தடுக்கவில்லை. வரைந்தவர் தப்பினார், பெருக்கியவர் சிக்கினார்.

சிறைப்பட்டவருக்காகப் பரிந்து பேசியவர்களில் கவிஞர் பியத்ரோ அரெத்தினோவும் ஒருவர். படங்களைப் பார்த்த அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டாகப் பதினாறு பாடல்கள் எழுதினார். படமும் பாட்டும் சேர்ந்து புத்தகமாகவும் வந்தது. 1525 ஜூலையில் அரெத்தினோவை ரோம் வீதியில் கத்தியால் குத்தினார்கள். அவர் பிழைத்து, ஊரைவிட்டு வெளியேறி வெனிஸில் குடியேறினார். தாள்கள் தேடித்தேடி அழிக்கப்பட்டன. மார்க்காந்தோனியோ வெட்டிய வரிசையிலிருந்து எஞ்சியவை என்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பவை, தலையும் தோளுமாக நறுக்கப்பட்டு ஒரே அட்டையில் ஒட்டப்பட்ட ஒன்பது துண்டுகள். உடல்கள் கூடும் பகுதியை யாரோ வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

மூன்றே ஆண்டுகளில் வழி மாறியது. 1527இல் ஜான் ஜாக்கோமோ கராலியோ என்ற செதுக்குநர் 'தெய்வங்களின் காதல்கள்' என்ற படவரிசையை வெளியிட்டார். உடல்களின் நெருக்கம் ஏறத்தாழ அதேதான். படுத்திருப்பவர்கள் மட்டும் ஜுபிட்டர், மார்ஸ், வீனஸ். அதற்கு யாரும் சிறை போகவில்லை. தெய்வத்தின் பெயர் குடையாக நின்றது. தேருக்கு 1856இல் கிடைத்த விலக்கின் தர்க்கத்தை ரோம் சந்தை அப்போதே கண்டுபிடித்துவிட்டது.

இத்தாலியிலிருந்து பிரான்சுக்கு

கராலியோவின் வரிசைக்குப் படம் வரைந்து கொடுத்தவர்களில் ஒருவர் ரோஸ்ஸோ பியோரென்தினோ. 1530இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா அவரை ஃபோன்தென்புளோ அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். மாந்துவாவில் ஜூலியோ ரோமானோவிடம் வேலை பார்த்த பிரிமாத்திச்சோ 1532இல் அங்கு வந்து சேர்ந்தார். ஆக, 1524இன் பதினாறு கோலங்களை வரைந்த பட்டறையிலிருந்தே பிரான்சுக்கு நேர்க்கோடு ஓடுகிறது. நீண்ட உடல்கள், சாய்ந்த இடுப்பு, நழுவும் துணி என்ற அந்த உடல்மொழியைப் பிரெஞ்சுச் செதுக்குநர்கள் அரண்மனைச் சுவரிலிருந்து பார்த்துப் படித்தார்கள். 1540களில் ஃபோன்தென்புளோவிலேயே அந்தச் சுவரோவியங்களைத் தகட்டில் ஏற்றி அச்சிடும் வேலை தொடங்கிவிட்டது.

உரைநடைக்கும் முன்மாதிரி அரெத்தினோதான். 1534லும் 1536லும் அவர் எழுதிய உரையாடல் நூல்களில் நான்னா என்ற அனுபவப்பட்ட பெண் தன் தொழில் ரகசியங்களைச் சொல்கிறாள். மகளுக்குப் பாடம் நடத்துகிறாள். தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு பழகியதே. சுப்பிரதீபக் கவிராயரின் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூதில் தாய்க்கிழவி மகளுக்குச் சொல்லும் புத்திமதிகளை நினைத்துக்கொண்டால் போதும். பாரிஸில் 1655இல் இதே அமைப்பில் 'பெண்கள் பள்ளி' என்ற நூல் அச்சானது. மூத்தவள் இளையவளுக்கு எல்லாவற்றையும் விளக்குகிறாள். நூல் எரிக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்த மிஷேல் மில்லோ என்பவர் தப்பி ஓட, அவருடைய கொடும்பாவியைத் தூக்கில் போட்டார்கள். இங்கிலாந்தின் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் 1668இல் ஒரு பிரதி வாங்கி, படித்து முடித்து, தானே எரித்தார்.

எரிந்தவற்றைவிட எரியாமல் நிலைத்தவையே படக்கலையை வளர்த்தன. அதற்கு முதல் உதாரணம் லா ஃபோன்தேன். நீதிக்கதைகள் எழுதியவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். அவரே 1665 முதல் காமக் கதைகளையும் கவிதையில் எழுதினார். சரக்கு பெரும்பாலும் மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியர்களிடமிருந்து எடுத்தது: பொக்காச்சோ, அரியோஸ்தோ. சொந்த நாட்டு ரபலேயிடமிருந்தும் எடுத்தார். 1674இல் அனுமதி பெறாமல் வந்த தொகுதியை அடுத்த ஆண்டே பாரிஸ் போலீஸ் தலைவர் லா ரெய்னி தடைசெய்தார். 1693இல் நோய்ப்படுக்கையில் இருந்த லா ஃபோன்தேன் அந்தக் கதைகளை வெளிப்படையாகக் கைவிடுவதாக அறிவித்தார்.

ஆனால் கதைகள் அவரைக் கைவிடவில்லை. அரசின் வரிவசூல் குத்தகைக்காரர்கள், அதாவது அந்நாளைய பிரான்சின் பெரும்பணக்காரர்கள், 1762இல் தங்கள் செலவில் ஓர் ஆடம்பரப் பதிப்பு கொண்டுவந்தார்கள். பாரிஸில் அச்சானது, தலைப்புப் பக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் என்று போட்டிருந்தது. சார்ல் ஐசன் எண்பது படங்கள் வரைந்தார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் படப் புத்தகங்களில் இதற்கு மேல் இல்லை என்று இன்றும் சேகரிப்பாளர்கள் சொல்லும் பதிப்பு இது.

இதில் ஒரு படத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 'பப்பஃபிகியேரின் பிசாசு' என்ற கதை, ரபலேயிடமிருந்து வந்தது. ஒரு குடியானவனோடு சண்டைக்கு வரும் குட்டிப் பிசாசை அவன் மனைவி பெரெத் விரட்டுகிறாள். அவள் கையில் ஆயுதம் இல்லை. பாவாடையைத் தூக்குகிறாள், பிசாசு அரண்டு ஓடுகிறது. இந்தப் படம் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்றில் எல்லாம் தெரியும். இன்னொன்றில் துணி சற்றுக் கீழே இறங்கி மறைத்திருக்கும். முன்னதைத் திறந்த நிலை என்றும் பின்னதை மூடிய நிலை என்றும் பிரெஞ்சுப் புத்தக வணிகர்கள் அழைத்தார்கள். திறந்த நிலைக்கு எப்போதும் விலை அதிகம்.

ஒரே தகட்டிலிருந்து இரண்டு படம் எப்படி? செப்புத் தகட்டில் உளியால் கோடு கீறுவார்கள். கோட்டுப் பள்ளத்தில் மை இறங்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளை அச்சில் அழுத்தினால் பள்ளத்து மை தாளுக்கு ஏறும். மாற்ற வேண்டிய இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே புதுக்கோடு கீறலாம். மரவெட்டுப் படத்தை எழுத்தோடு சேர்த்து ஒரே அச்சில் அடிக்க முடியும். செப்புப் படத்துக்குத் தனி அச்சு வேண்டும். பெரும்பாலும் தனித்தாளில்தான் வரும். இந்தத் தொழில்நுட்பமே கள்ளச்சந்தைக்குக் கதவைத் திறந்தது. சோதனைக்குப் படமில்லாத புத்தகத்தைக் காட்டலாம். படத்தாள்களைத் தனியே கொண்டுபோய் விற்கலாம். வாங்கியவர் தன் கட்டுநரிடம் கொடுத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய படத்தைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

ஆடம்பரப் பதிப்புக்குக் குத்தகைக்காரர்களின் செல்வாக்கு காவல் நின்றது. சிறிய புத்தகங்களுக்கு அந்தக் காவல் இல்லை. 1748இல் வந்த 'தத்துவஞானி தெரேஸ்' போன்ற நூல்கள் பொய்யான ஊர்ப்பெயரோடு அச்சாகி, எல்லை தாண்டி, அங்கிக்குள் மறைத்து விற்கப்பட்டன. வியாபாரக் கடிதங்களில் இவற்றுக்குத் 'தத்துவ நூல்கள்' என்று பெயர். வோல்தேரின் தடைசெய்யப்பட்ட எழுத்துகளும் அதே பட்டியலில், அதே மூட்டையில் போயின. மன்னரையும் மடத்தையும் கேள்வி கேட்ட எழுத்தும், உடலைப் பேசிய எழுத்தும் பிரெஞ்சு அரசின் கண்ணில் ஒரே குற்றம். பாஸ்தீய் சிறைக்கோட்டையில் மனிதர்களைப் போலவே புத்தகங்களையும் அடைத்து வைத்தார்கள்.

புரட்சிக்குப் பிறகு 1798இல் பாரிஸில் ஒரு படத்தொகுப்பு வந்தது. பெயர்: 'ஆகுஸ்தேன் கராச்சின் அரெத்தினோ'. ஜாக் ஜோசப் குவானி செதுக்கிய இருபது கலவிக் கோலங்கள், ஒவ்வொன்றுக்கும் பாக்கஸும் அரியாட்னியும், ஆண்டனியும் கிளியோபாட்ராவும் என்று புராண, வரலாற்று இணைகளின் பெயர். படங்கள் உண்மையில் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் அகொஸ்தீனோ கராச்சியுடையவை என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இருந்தும் தலைப்பில் அவருடைய பெயரும் அரெத்தினோவின் பெயரும் தேவைப்பட்டன. சிறைக்குப் போன புத்தகத்தின் பெயர் இருநூற்றெழுபது ஆண்டு கழித்துக் குலப்பெருமையாக மாறியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசிய நூலகம் இப்படிப்பட்ட நூல்களையெல்லாம் 'நரகம்' என்று பெயரிட்ட தனிப்பிரிவில் பூட்டி வைத்தது. 2007 டிசம்பரில் அந்தப் பூட்டைத் திறந்து அதே நூலகம் பொதுமக்களுக்குக் கண்காட்சி நடத்தியது.

புதுச்சேரி வழியாக ஒரு பாலம்

பிரெஞ்சு வாசகர் தமிழைச் சந்தித்த இடமும் இந்தக் கதைக்குள் வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் திருக்குறளை லத்தீனுக்குக் கொண்டுபோன வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டும் மொழிபெயர்த்தார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் மேலே சொன்ன சுப்பிரதீபக் கவிராயர்தான் என்பது வழிவழி வரும் செய்தி. பாதிரியார் விட்டதைப் பாரிஸ் எடுத்துக்கொண்டது. 1889இல் காமத்துப்பாலை மட்டும் தனி நூலாக்கி, 'திருவள்ளுவரின் காதல் நூல்' என்ற பெயரில் பாரிக் த ஃபோந்தேனியூ பிரெஞ்சில் வெளியிட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் பொறியாளராக இருந்த லாமரேஸ், தென்னிந்திய மக்கள் பாடல்களை 1860களில் மொழிபெயர்த்தவர். 1891இல் காமசூத்திரத்தையும் பிரெஞ்சில் கொண்டுவந்தார்.

தமிழிலேயே கொக்கோகம் இருந்தது. வடமொழி ரதிரகசியத்தின் வழிவந்த இந்தச் செய்யுள் நூலை அதிவீரராம பாண்டியர் பெயரில் சொல்வது மரபு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த வெற்றிவேற்கையும், புலவர்கள் கொண்டாடிய நைடதமும் அவர் பெயரில் வழங்குபவையே. ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரே பெயரில் மூன்றும் இருப்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. அரண்மனைச் சுவரிலும் அப்படித்தான். இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதி தீட்டுவித்த ஓவியங்களில் இராமாயணமும் பாகவதமும் போர்க்களமும் அந்தப்புரக் காட்சிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிபியேனாவின் குளியலறைக்கும் சேதுபதியின் மாளிகைக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை. அழைக்கப்பட்டவர் மட்டுமே பார்க்கலாம். ஆகவே யாருக்கும் அச்சமில்லை.

முத்துப்பழனியின் புத்தகம்

அச்சம் வந்தது தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஒரு காவியம் சென்னையில் அச்சேறியபோது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மரின் அவையில் இருந்த கணிகையர் குலப் புலவர் முத்துப்பழனி. அவர் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்தவனமு' கண்ணன் கதைதான். ராதை தான் வளர்த்த இளாதேவியைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள்; முதலிரவுக்கு இருவருக்கும் புத்தி சொல்லி அனுப்புகிறாள். பிறகு பிரிவின் பொறாமையில் வேகிறாள். கண்ணன் வந்து அவளைத் தேற்றுகிறான். சிருங்கார காவியங்கள் அந்த அவையில் நிறைய. முத்துப்பழனியின் காவியத்தில் விருப்பம் பெண்ணிடமிருந்து புறப்படுகிறது. கேட்பதும் மறுப்பதும் கோபிப்பதும் அவள். முன்னுரையில் தன் பாட்டி தஞ்சநாயகி முதலான பெண்வழிக் குலத்தைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்.

1887லும் 1907லும் இந்த நூல் அச்சானது. பதிப்பித்தவர் சில செய்யுள்களை நீக்கியதோடு, அந்தக் குலவரலாற்றுப் பகுதியையும் நீக்கிவிட்டார். அச்சுப் பிரதியைப் படித்து அதிருப்தி அடைந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பின்னாளில் திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பி, பெண்களும் அங்கே பாட வழி திறந்த அதே இசைவாணி. அவர் சுவடியைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டு, விடுபட்டதையெல்லாம் சேர்த்து, 1910இல் சென்னை வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு நிறுவனத்தின் வழியாக முழுநூலையும் பதிப்பித்தார்.

சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் ஏற்கெனவே இந்த நூலைக் கடுமையாகச் சாடியிருந்தார். ஒரு பெண் இப்படி எழுதலாமா என்பதே அவருடைய சீற்றத்தின் மையம். நாகரத்தினம்மாள் தம் முன்னுரையில் நேராகவே கேட்டார்: நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆணுக்கு வேண்டாமா? வீரேசலிங்கமே ஆண் புலவரின் 'வைஜயந்தீ விலாசம்' நூலை ஏற்றுக்கொண்டதைச் சுட்டிக் காட்டினார். தொண்டரடிப்பொடியாழ்வாரும் தேவதேவியும் கூடும் கதை அது. இதைவிட அதில் வெளிப்படையான இடங்கள் உண்டு.

1911இல் சென்னை போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. ஆபாசம் என்று முடிவு செய்ய அரசுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொடுத்த சில செய்யுள்களே போதுமாக இருந்தன. பண்டிதர்கள் மனுப் போட்டார்கள். வாவிள்ள நிறுவனம் போராடியது. அரசு அசையவில்லை. 1527இல் கராலியோவைக் காத்த தெய்வத்தின் பெயர் இங்கே உதவவில்லை. நூல் முழுக்க ராதையும் கண்ணனும்தான். மதுரையிலோ மன்னார்குடியிலோ ஒரு தேரில் செதுக்கியிருந்தால் அதே சட்டத்தின் விலக்கே அவர்களைக் காத்திருக்கும்.

இந்த இடத்தில் 1868இன் ஆங்கிலேய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை நினைவுகொள்ள வேண்டும். ஹிக்ளின் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். தீர்ப்பு தந்த அளவுகோலின் சாரம் இது: இத்தகைய தீமைக்கு இடங்கொடுக்கும் மனம் உடைய எவர் கையிலாவது அந்த நூல் போய்ச் சேரக்கூடுமா என்று பார். எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, யார் கையில் போகும் என்பதே கேள்வி ஆனது. வத்திக்கான் குளியலறையும் சேதுபதி மாளிகையும் கர்தினாலுக்கும் மன்னருக்கும் உரியவை. குத்தகைக்காரர்களின் தோல்கட்டுப் பதிப்பு சீமான்களுக்கு உரியது. ஏழைக்கும் பெண்ணுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் போய்விடுமோ என்ற பதற்றம்தான் தடையாக எழுந்தது. நாகரத்தினம்மாள் செய்த பெரிய காரியம் இதுவே: அரண்மனைக்குள் இருந்த பெண்குரலை யாரும் வாங்கிப் படிக்கும் புத்தகமாக்கினார்.

முப்பத்தாறு ஆண்டுகள் தடை நீடித்தது. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த தங்குதூரி பிரகாசத்தின் முயற்சியால் 1947இல் தடை நீங்கியது. 1952இல் வாவிள்ள நிறுவனம் மீண்டும் பதிப்பித்தது. அதே ஆண்டில் நாகரத்தினம்மாள் காலமானார்.

திருச்செங்கோடு, 2014

கொங்கு நாட்டின் வழக்கு நம் காலத்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வந்தது. குழந்தையில்லாத காளியும் பொன்னாவும் அனுபவிக்கும் ஊர்ப்பேச்சு, ஏச்சு, தனிமை; திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் கோயில் வைகாசித் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு. தமிழில் நான்காண்டுகள் அமைதியாக விற்ற நூல் அது. 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து வாசகர் வட்டம் விரிந்த பிறகு, 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. நாவலின் சில பக்கங்கள் மட்டும் தனியே நகலெடுக்கப்பட்டு ஊருக்குள் பரவின. தங்கள் ஊரையும் சமூகப் பெண்களையும் கோயிலையும் நாவல் இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள், பிரதிகளை எரித்தார்கள். 1911இல் மொழிபெயர்ப்பாளரின் சில செய்யுள்கள் செய்த வேலையை இங்கே நகலெடுத்த பக்கங்கள் செய்தன. முழுநூலைப் படித்தவர்கள் குறைவு; பிய்த்தெடுத்த பக்கங்களைப் பார்த்தவர்கள் மிகுதி.

2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் நடத்திய அமைதிப் பேச்சுக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜூலை 5ஆம் தேதி தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. நூலை முழுமையாகப் படித்தே மதிப்பிட வேண்டும் என்றது. நாவல் ஆபாசம் அல்ல என்றது. பேச்சுவார்த்தையில் எட்டிய உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஹிக்ளின் அளவுகோலை இந்திய உச்ச நீதிமன்றம் 2014இலேயே கைவிட்டு, சமகாலச் சமூக அளவுகோலை ஏற்றிருந்தது.

அடுத்த மாதமே பெருமாள்முருகனின் 'கோழையின் பாடல்கள்' கவிதைத் தொகுப்பு வெளியானது. அவர் எழுத்தை நிறுத்தியிருந்த மாதங்களில் எழுதியவை அந்தப் பாடல்கள்.

(அடுத்த பகுதியில்: குஜிலிக் கடைத்தெருவிலிருந்து கொங்குத் திருவிழாக் கடைகள் வரை, மரவெட்டுப் படங்களோடு வந்த பெரிய எழுத்துப் புத்தகங்கள்)